எலிக்கு ஐந்து லீற்றர்

இருபத்தெட்டு வயதில், பரீட்சையில் சித்தியடைந்த ஒரு தோட்ட மருந்தாளன், சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவன், ஓர் எலியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அது மூச்சு விடும் என்று காத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் பாக்கியம் அக்கா சொல்லிவிடுவார்.

எலி மூச்சு விடவில்லை. அது சஞ்சிகை எதுவும் வாசித்திருக்கவில்லை. நான் வாசித்திருந்தேன், அங்கேதான் கோளாறு.

புதிதாகத் தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் அனுபவங்களில் யாருக்காவது பயன்படக்கூடியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இருமல் மருந்து.

1. பொட்டலம் மடித்த கடதாசி

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற பாதையில், பனிமூட்டம் தொடங்குகிற வளைவில் எங்கள் தோட்டம். ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டில், ஒரு மருந்தறை, ஒரு ஸ்டோர், மேலே தகரம். டொக்டர் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் நான்தான். சனங்கள் என்னை 'டொக்டரய்யா' என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் திருத்தினேன். இரண்டாம் வாரம் பழகிவிட்டது.

தூள் மருந்துகளைப் பொட்டலம் மடிக்க, துரை பங்களாவிலிருந்து பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் கட்டுக்கட்டாக வரும். கிழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வாசித்துவிடுவேன். வயிற்றுப்போக்குக்காரர்கள் வரிசையில் நிற்க, நான் நிலவில் மனிதன் இறங்கியது பற்றிய கட்டுரையின் கடைசிப் பந்தியை முடிப்பதற்குப் போராடியது உண்டு.

அப்படித்தான் அந்தப் பக்கம் கையில் கிடைத்தது. ஒரு கண்ணாடிச் சாடி. உள்ளே தெளிந்த திரவம். திரவத்தின் அடியில் ஒரு சுண்டெலி, கண்ணைத் திறந்தபடி, உயிரோடு. ஒட்சிசனை ஏராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் ஒரு திரவத்தை வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்குள் எலி மூழ்கியபடியே மூச்சு விடுகிறது என்று எழுதியிருந்தது. அதே வகைத் திரவத்தைப் பால்போல் நுண்ணிய துளிகளாக்கி, இரத்தம் போதாத நோயாளிக்கு நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்றும் இருந்தது. வெள்ளை இரத்தம்.

அந்தப் பக்கத்தில் பொட்டலம் மடிக்கவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கல்யாணமாகாத வாலிபர்கள் தலையணைக்குக் கீழே வேறு வகைப் படங்களை வைத்திருப்பார்கள். என்னிடம் இருந்தது எலி.

என் ஆசைக்கு நியாயமான காரணமும் இருந்தது என்று சேர்த்துக்கொள்கிறேன். மழைக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இழுப்பும் சளிக்காய்ச்சலும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போகும். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு ஒட்சிசன் சிலிண்டர். ஆளுயரம், கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். ஆயுத பூசைக்கு வைத்த பட்டையும் பொட்டும் அதன் நெற்றியில் வருடம் முழுக்க இருக்கும். அது தீர்ந்தால் மாத்தளையிலிருந்து லொறி வர வேண்டும். ஒட்சிசனை ஒரு போத்தலில் அடைத்து, இருமல் மருந்துக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துக்கொள்ள முடிந்தால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று யோசித்தேன். அந்தப் போத்தலில் ஒட்டுகிற லேபிளில் என் பெயரை எந்த அளவு எழுத்தில் போடலாம் என்றும் யோசித்தேன். இரண்டாவது யோசனைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

2. வெள்ளைப் போத்தல்

வெளிநாட்டுத் திரவம் என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தவை தேங்காய் எண்ணெய், லிக்விட் பரவின், வேலம் பிசின், மருந்து அரைக்கிற ஒரு கல்வம். இவை போதும் என்று நினைத்தேன். எங்கள் காலத்து மருந்தாளர்கள் எமல்ஷன் அடிக்கப் படித்தவர்கள். எண்ணெயையும் பிசினையும் தண்ணீரையும் கல்வத்தில் போட்டு ஒரே பக்கமாக அரைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது பட் பட் என்று சத்தம் போட்டு வெள்ளையாகத் திரும்பும். பரீட்சையில் எனக்கு அதற்கு நல்ல புள்ளி. தான் நல்ல புள்ளி வாங்கிய ஒரே விசயத்தைக் கொண்டு உலகத்தையே திருத்திவிடலாம் என்று மனிதன் நம்புவது இயற்கை.

முதலில் தண்ணீர். சிலிண்டரிலிருந்து குழாய் விட்டு, நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் குமிழி விட்டுவிட்டு, எலியை இறக்கினேன். அதன் முடிவை முன்பே சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வேலைக்கு இருந்தவர் பாக்கியம் அக்கா. கட்டில் விரிப்பு மாற்றுவது, காயம் கழுவுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது, என்னைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். செத்த எலியை வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னார்:

"மனுசனுக்கு ரெண்டு லீற்றர் வைக்கவே ஓராயிரம் யோசிப்பீங்க. எலிக்கு அஞ்சா."

இது ஆராய்ச்சி என்று விளக்கினேன். ஆராய்ச்சி முடிந்ததும் சாடியை யார் கழுவுவது என்று கேட்டார்.

இரண்டு வாரம் பின்னேரங்களில் அரைத்தேன். எமல்ஷன் இறுகியது, பிரிந்தது, மறுபடி அரைத்தேன். ஒவ்வொரு முறையும் சிலிண்டரைத் திறந்து அதற்குள் குமிழி விட்டேன். கடைசியில் ஒரு பின்னேரம், பால்போல, பாலைவிடக் கெட்டியாக, ஒரு பெரிய சாடி நிறைய வெள்ளை கிடைத்தது. இரண்டாவது எலியை அதில் இறக்கினேன்.

இனி நடந்ததை எழுதும்போது இப்போதும் பேனை கொஞ்சம் தயங்குகிறது. எலி உள்ளே போனதும் தெரியவில்லை. வெள்ளைக்குள் எதுவும் தெரியாது. ஒட்சிசன் காஸை மூடினேன். ஸ்டோரில் வேறு சத்தமில்லை. வெள்ளையின் மேற்பரப்பு மெதுவாக ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. கொப்பியை எடுத்து 'மூச்சு விடுகிறது' என்று எழுதினேன். பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டியால் எலியை வெளியே எடுத்தேன். செத்து, விறைத்துப் போயிருந்தது.

எலியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எலி இல்லாத சாடியில் வெள்ளை இன்னமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அடைபட்ட காற்றுக் குமிழி மெல்ல மெல்ல மேலே வருகிறது, அவ்வளவுதான் என்று இன்று சொல்வேன். அன்று நான் பின்வாங்கினேன். பின்வாங்கியபோது முழங்கை சிலிண்டர் மீட்டரில் இடித்தது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் அந்த மீட்டரின் கண்ணாடி உடைந்து, கீழ்ப் பாதி கழன்று விழுந்தது. மறுநாள் துரை வந்து பார்ப்பாரோ என்ற பயத்தில் ஒரு துண்டுப் பிளாஸ்டரை வெட்டி ஓட்டையின் மேல் ஒட்டினேன். எங்கள் தொழிலில் காயம், கதவு, குடைக்கம்பி, செருப்பு வார் எல்லாவற்றுக்கும் வைத்தியம் அதுதான். விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். சிலிண்டர் சாவியை இறுக்கி மூடினேனா என்பதை மட்டும் பிறகு எத்தனை முறை யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

3. முள்

எண்பதுகளின் கடைசியில், கிளர்ச்சிக்காரருக்கும் இராணுவத்துக்கும் நடுவில், நாடு எப்படிக் கிடந்தது என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள். இரண்டாவது எலி செத்த மறுநாள் காலை தொழிற்சாலைச் சுவரில் சிங்களத்தில் கையால் எழுதிய ஒரு துண்டு ஒட்டியிருந்தது. யாரும் வேலைக்குப் போகக் கூடாது, கடை திறக்கக் கூடாது, வாகனம் ஓடக் கூடாது. கீழே கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத கடிதங்களுக்குத்தான் அப்போது எல்லோரும் கீழ்ப்படிந்தோம். இரத்தோட்டைப் பாதையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தந்திக் கம்பி அறுந்திருந்தது. கீழ்ப் பாலத்துக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு எதையோ மூடியிருந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

தொழிற்சாலைச் சங்கு ஊதாத காலையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பது சரியான சொல்தானா தெரியவில்லை. காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல் இருந்தது. பனிமூட்டம் ஜன்னல் வழியே வார்டுக்குள் வந்து, கடைசி இரண்டு கட்டில்களைக் காணாமல் ஆக்கியிருந்தது.

அந்த நேரத்தில் காமாட்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயது, கொழுந்து பறிப்பவர். தோட்டத்தில் அவர் வாய் என்றால் துரைமாருக்கும் பயம். அன்று அந்த வாயிலிருந்து விசில் சத்தம் மட்டும் வந்தது. இழுப்பு, அதன் மேல் காய்ச்சல், உதடு நீலம். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்தபடி காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். புருசன் பெருமாள் போர்வையோடு பின்னால் நின்றார்.

இழுப்புக்கு அமினோபிலின் போட்டேன், காய்ச்சலுக்குப் பெனிசிலின் போட்டேன். சிலிண்டரை ஸ்டோரிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து சாவியைத் திறந்தேன்.

மீட்டர் முள் பூச்சியத்தில் நின்றது.

சாவியை முழுக்கத் திறந்தேன். பூச்சியம். மீட்டரின் பக்கவாட்டில் விரலால் தட்டினேன். பூச்சியம். முதல் நாள் பின்னேரம் என் கண்முன் வந்தது. சாவி. இறுக்கினேனா? இரண்டு வாரமாக எலிகளுக்கும் எண்ணெய்க்கும் ஊதித் தள்ளியது போக மிச்சமிருந்ததும் ராத்திரி முழுக்கக் கசிந்து ஸ்டோருக்குள் போய்விட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பாக்கியம் அக்கா முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழாயை எடுத்து என் கையில் தந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆனால் குழாயை மூக்கில் வைத்தபோது தண்ணீர்ப் போத்தலில் குமிழி வந்தது. காஸ் ஈரமாவதற்காக நடுவில் ஒரு போத்தல் தண்ணீர் வழியாக அதை விடுவோம். காஸ் போகிறது என்பதற்கு அந்தக் குமிழிதான் சாட்சி. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம், இன்னும் பத்து நிமிடம் வரும் என்று கணக்குப் போட்டேன். பத்து நிமிடத்தை இருபதாக்க, வேகத்தை ஒரு லீற்றருக்குக் குறைத்தேன்.

பொளக். பொளக். பொளக்.

இருபது நிமிடம் போனது. ஒரு மணி நேரம் போனது. முள் பூச்சியத்தில். குமிழி வந்துகொண்டிருந்தது.

4. இருபது சீசீ

காமாட்சி சாகவில்லை, பிழைக்கவும் இல்லை. உதட்டின் நீலம் கூடவும் இல்லை, போகவும் இல்லை. ஒரு லீற்றர் அவரை அந்த எல்லைக் கோட்டில் சரியாக நிறுத்தி வைத்திருந்தது. ஒருமுறை என் பக்கம் திரும்பி, "ஐயா... காத்து... பத்தல" என்றார். கூட்டினால் தீர்ந்துவிடும் என்று எப்படிச் சொல்வது? இருக்கிறது, இருக்கிறது என்றேன்.

மத்தியானம் ஆனபோது செய்தி லயங்களுக்குப் போய்விட்டது. வேறு சத்தமே இல்லாத தோட்டத்தில் அந்தக் குமிழிச் சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. மேட்டு லயம் வரைக்கும் கேட்டது என்று பின்னால் சத்தியம் செய்தார்கள். பெண்கள் ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் நின்றார்கள். முகம் மட்டும் தெரியும், உடம்பு தெரியாது. சிலிண்டர் காலி, ஆனால் காற்று வருகிறது என்று பாக்கியம் அக்காவிடம் ஒருத்தி கேட்டுத் தெரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னாள். அப்படியென்றால் வருகிற காற்று யாருடையது என்ற கேள்வி அங்கே நின்ற எல்லோர் முகத்திலும் இருந்தது. கீழ்ப் பாலத்துப் பக்கம் ஒருத்தி திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

நான் விஞ்ஞானம் படித்தவன். ஆகவே சாவியை மூடிப் பார்த்தேன். குமிழி நின்றது. காமாட்சியின் கண் பெரிதானது. திறந்தேன். குமிழி வந்தது. முள் அசையவில்லை. காலியான சிலிண்டரிலிருந்து காஸ் வராது. வருகிறது. இதற்கு மேல் என் படிப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

பெருமாள் கற்பூரக் கட்டியை எடுத்தார். சிலிண்டருக்கு முன்னால் கொளுத்தப்போனார். பாய்ந்து கையைப் பிடித்தேன். ஒட்சிசனுக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்தால் கட்டிலோடு எல்லோரும் எரிவோம் என்று விளக்கினேன்.

"அதான் உள்ள ஒன்னும் இல்லன்னீங்களே" என்றார்.

நியாயமான கேள்வி. கடைசியில் கற்பூரத்தைக் கொளுத்தாமல் அப்படியே சிலிண்டரின் காலடியில் வைத்தார். பாக்கியம் அக்கா பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு வைத்தார். நான் தடுக்கவில்லை. உள்ளூர எனக்கும் வேண்டியிருந்தது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். எந்த நிமிடமும் குமிழி நிற்கும், நின்றால் இவர் முடிந்தார் என்று தெரிந்த நிலையில், நான் ஸ்டோருக்குள் போனேன். தட்டில் என் வெள்ளைச் சாடி இருந்தது. அது மெதுவாக ஏறி, இறங்கியது. காத்திருப்பதுபோல் இருந்தது.

இருபது சீசீ ஊசியில் அதை நிரப்பினேன்.

இதை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. நான் பைத்தியமாகவில்லை. மிகத் தெளிவாக இருந்தேன், அதுதான் பயங்கரம். வெளிநாட்டில் நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். என்னுடையதும் வெள்ளை. என்னுடையதிலும் ஒட்சிசன் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சாகவிடுவதைவிட இது மேல். ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. ஏணிதான் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு எலிகள் செத்தது அந்தக் கணக்கில் வரவேயில்லை. பரவின் எண்ணெயை நரம்பில் ஏற்றினால் அது நுரையீரலில் போய் அடைத்து, இழுப்பு செய்யாததை நிமிடங்களில் செய்து முடிக்கும். இது எனக்குத் தெரியாதது அல்ல. பரீட்சைக்குப் படித்ததுதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாக்கியம் அக்கா ஊசியைப் பார்த்தார்.

"அது என்னா?"

மருந்து என்றேன்.

"எலி மருந்தா?"

அவர் குரலில் கேலி இல்லை. காமாட்சியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முழங்கை மடிப்பில் நரம்பு இருக்கும் இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். குமிழி நின்றால்தான் போடுவேன் என்று நான் சொன்னேன். அது வரைக்கும் கையை எடுக்கமாட்டேன் என்று அவர் சொன்னார். இப்படியாக ஓர் ஒப்பந்தம்.

பனி உள்ளே வந்து எங்கள் மூவரையும் மற்றக் கட்டில்களிலிருந்து பிரித்துவிட்டது. ஒரு பக்கம் பூச்சியத்தில் நிற்கும் சிலிண்டரின் போத்தல். பொளக், பொளக். மறு பக்கம், கதவு திறந்திருந்த ஸ்டோரில், குழாய் எதுவும் இல்லாமல் ஏறி இறங்கும் வெள்ளை. நடுவில் காமாட்சியின் நெஞ்சு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றும் ஒரே தாளத்தில் போவதாகத் தோன்றியது. எது எதை நடத்துகிறது என்று தெரியவில்லை. நான் என் மூச்சைக் கவனித்தேன். நானும் அதே தாளத்தில்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

குமிழி நிற்க வேண்டும் என்று ஒரு கணம் விரும்பினேன். அந்த விருப்பத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நின்றால்தானே என் மருந்தைப் போட்டுப் பார்க்கலாம்.

அது நிற்கவில்லை. இருட்டியும் நிற்கவில்லை. ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதுவும் அப்படியே போனது. விடியும்போது காமாட்சியின் விசில் சத்தம் கொஞ்சம் தணிந்திருந்தது. அமினோபிலின் வேலை செய்திருக்க வேண்டும். ஊசிக்குள் வெள்ளை இரண்டாகப் பிரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நின்றது. பாக்கியம் அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கக்கூசில் ஊற்றினார். அவருடைய உள்ளங்கை அடையாளம் காமாட்சியின் கையில் சிவப்பாக இருந்தது.

5. மீட்டருக்கு வந்த காயம்

அன்று காலை பதினொரு மணிக்கு ஹனிபா நானாவின் லொறி வந்தது. மாத்தளையிலிருந்து எங்களுக்குச் சிலிண்டரும் சாமானும் கொண்டுவருபவர் அவர்தான். வெட்டிப்போட்ட மரங்களை இராணுவம் இழுத்துப் போட்டதும், முதல் ஆளாக ஏறி வந்திருந்தார். பாலத்தடியில் சாக்கு இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

காமாட்சியை லொறியிலேயே மாத்தளைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. புதுச் சிலிண்டரை இறக்கினோம். பழையதை ஏற்றுவதற்கு முன் அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத் துண்டில் எழுதுவது நானாவின் வழக்கம். காலி என்றேன். நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து காலியாகவே ஓடுகிறது என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டுதான் குனிந்தார். சிலிண்டரின் காலடியில் கற்பூரம், நெற்றியில் இரண்டு பொட்டு, கழுத்தில் யாரோ போட்ட செவ்வந்தி. எல்லாவற்றையும் பார்த்தார். மீட்டரையும் பார்த்தார்.

"மீட்டருக்கு என்ன காயம் தம்பி? பிளாஸ்டர் போட்டு வெச்சீக்கிறீங்க?"

கண்ணாடி உடைந்தது என்றேன். அவர் பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். அதன் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்த முள்ளின் நுனி விடுபட்டது. முள் ஒரு துள்ளுத் துள்ளி மேலே போய், மூன்றில் ஒரு பங்கில் நின்று ஆடியது.

குமிழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

எலி செத்த பின்னேரம் நான் சாவியைச் சரியாகத்தான் மூடியிருக்கிறேன். மூடியதும், மீட்டருக்குக் காஸ் போவது நின்று, முள் வழக்கம்போல் பூச்சியத்துக்கு இறங்கியிருக்கிறது. இறங்கிய முள்ளின் மேல் நானே பிளாஸ்டரை ஒட்டியிருக்கிறேன். ஒரு நாளும் ஒரு ராத்திரியும் அந்தப் பிளாஸ்டரை ஓரடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தும், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆவியைச் சந்தேகித்தேன், பாலத்தடியில் கிடந்ததைச் சந்தேகித்தேன், நான் படித்த விஞ்ஞானம் முழுவதையும் சந்தேகித்தேன். நான் ஒட்டிய பிளாஸ்டரை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்தே இரண்டு லீற்றர் கொடுத்திருந்தாலும் லொறி வரும்வரை போதுமாயிருந்திருக்கும். காற்று பத்தவில்லை என்று காமாட்சி சொன்னபோது காற்று இருந்தது. என் கையில் இருந்தது. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்கவில்லை.

புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீட்டர் ஒன்று சொல்கிறது, நோயாளி வேறொன்று சொல்கிறார் என்றால் முதலில் நோயாளியைக் கேளுங்கள். பிறகு மீட்டரை யார் கடைசியாகத் தொட்டது என்று கேளுங்கள். அது நீங்களாக இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று ஸ்டோரில் காத்திருந்தால், பக்கத்தில் பாக்கியம் அக்கா மாதிரி ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் இன்னமும் அந்த வெள்ளைத் திரவத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று வாசிக்கிறேன். கெட்டிக்காரர்கள், செய்து முடிப்பார்கள். நான் அன்றோடு கல்வத்தைக் கழுவி வைத்துவிட்டேன். சாடியைக் கழுவியதும் நான்தான். பாக்கியம் அக்கா தொடமாட்டேன் என்றுவிட்டார்.

மூன்று வாரம் கழித்துக் காமாட்சி மாத்தளையிலிருந்து திரும்பி, மாத்திரை வாங்க வரிசையில் வந்து நின்றார். உதட்டில் வெற்றிலைச் சிவப்பு. அதற்குள் பாக்கியம் அக்கா அவருக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் ராத்திரி முழுக்க வசனம் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வரியை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எலிக்கு அஞ்சு குடுத்தீங்களாம், அது செத்துப் போச்சி. எனக்கு ஒன்னுதான் குடுத்தீங்க, நான் நிக்கிறேன். மாத்திரையும் பாதியாவே குடுங்கய்யா."